குளிக்கிற இடத்தில் உட்கார ஒரு திண்ணை: ராமநாதபுரம் கடலோர வீடுகளுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவிபட்டினத்திலிருந்து ஏர்வாடி வரை, அப்புறம் பாலத்துக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் தீவு வரை வீட்டு வேலை பார்க்கப் போகும்போதெல்லாம் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. மகன் துபாயிலிருந்து ஒரு படம் அனுப்பியிருப்பார். கண்ணாடித் தடுப்பு, மழை மாதிரி கொட்டும் ஷவர், சுவரோடு சேர்த்துக் கட்டிய இருக்கை. கொத்தனார் படத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். இருக்கை நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் படம் உப்புக் காற்றும் உவர்த் தண்ணீரும் வாளியும் இல்லாத வீட்டில் எடுத்தது. இங்கே கட்டும்போது எதை மாற்ற வேண்டும் என்று வீடு வீடாகச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

வாக்-இன் ஷவர், வாக்-இன் ஷவர்ங்கிறாங்களே, அது என்னங்க? நம்ம பாத்ரூமே அப்படித்தானே இருக்கு?

கிட்டத்தட்ட அப்படித்தான். தொட்டி இல்லை, ஏறி இறங்கப் படி இல்லை, பெரும்பாலும் கதவும் இல்லை. நேராக நடந்து போய் நின்று குளிக்கலாம். தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்துக் குளித்துப் பழகிய நாடுகளில் இது பெரிய மாற்றம். நமக்கு இதில் புதுசு இரண்டே இரண்டு. குளிக்கிற தண்ணீர் டாய்லெட் பக்கம் ஓடாமல் பிரிப்பது ஒன்று. உட்கார்ந்து குளிக்க அசையாத ஓர் இடம் கட்டுவது இன்னொன்று.

பிளாஸ்டிக் ஸ்டூல் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. எதுக்குக் கட்டணும்?

ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது ஆபத்து குறைவு, எழுந்திருக்கும்போதுதான் விழுகிறார்கள். முட்டி வலிக்காரர் எழும்போது ஸ்டூலின் ஓரத்தில் கையை ஊன்றி ஒரு பக்கமாக அழுத்துவார். தரை வாட்டமாக இருக்கும், சோப்புத் தண்ணீர் இருக்கும், நான்கு காலில் ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும். கட்டிய திண்ணை இருந்த இடத்திலேயே இருக்கும்.

வீட்டில் எல்லோருக்கும் முப்பது வயது என்றால் இப்போதைக்கு ஸ்டூலே போதும். ஆனால் புது வீடு கட்டுகிறீர்கள் என்றால் திண்ணைக்கு இடத்தையும், அதற்கு எட்டுகிற மாதிரி குழாயையும் இப்போதே விட்டுவிடுங்கள். டைல் ஒட்டியபிறகு குழாயை நகர்த்துவது திண்ணை கட்டுவதைவிடப் பெரிய செலவு.

எவ்வளவு உயரம் வைக்கிறது? கொத்தனார் ஒன்றரை அடிங்கிறார், சரிதானா?

சரிதான். பொதுவாக 17 முதல் 19 அங்குலம் வரை சொல்லப்படுகிறது. ஒன்றரை அடி அதற்கு நடுவில் வருகிறது. இது டைல், கல் எல்லாம் போட்டு முடித்த தரையிலிருந்து, கல்லின் மேல்மட்டம் வரை உள்ள அளவு. கட்டும்போது தரைப் பூச்சும் டைலும் சேர்ந்து இரண்டு அங்குலம் ஏறிவிடும் என்பதை மறந்துவிட்டு, கடைசியில் திண்ணை பதினாறில் நின்ற வீடுகள் உண்டு. முட்டி வலிக்காரருக்கு அந்த இரண்டு அங்குலம் பெரிய விஷயம், ஏனென்றால் தாழ்வாக இருந்தால் எழுவது கஷ்டம். ரொம்பக் குட்டையான அப்பத்தா என்றால் மட்டும் வெறுங்காலோடு நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்து அதையே வையுங்கள். பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும்.

முன்பின் ஆழம் 15, 16 அங்குலம் போதும். அகலம் குறைந்தது 22, வசதி இருந்தால் 24. இன்னொன்று: திண்ணையைத் தரை வரை நேராகப் பெட்டி மாதிரி அடைக்காதீர்கள். மேல் கல் மூன்று நான்கு அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கட்டும். நாம் எழும்போது குதிகாலைப் பின்னால் இழுத்துத்தான் எழுகிறோம். அதற்கு அடியில் இடம் இல்லையென்றால் கையால் இழுத்து எழ வேண்டியிருக்கும்.

நாங்க ஷவர்ல குளிக்கிறதே இல்ல. வாளி, கப்புதான். எங்களுக்கு இது சரிப்படுமா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். படத்தில் இருப்பவர் தலைக்கு மேல் தண்ணீர் விழ உட்கார்ந்திருக்கிறார். நம் வீட்டுப் பெரியவர் ஒன்றரை அடித் திண்ணையில் உட்கார்ந்து, தரையில் இருக்கும் வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டும். வாளி நிறைந்திருக்கும்போது பரவாயில்லை. பாதி தீர்ந்ததும் ஒவ்வொரு கப்புக்கும் குனிய வேண்டும். ஈர உடம்போடு முன்னால் குனிந்தால் சறுக்கி விழ நேரம் ஆகாது. பழைய மணைப்பலகையில் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் ஆளும் வாளியும் ஒரே மட்டத்தில் இருந்தார்கள்.

அதனால் திண்ணை கட்டும்போதே வாளிக்கும் ஒரு மேடை கட்டுங்கள். மூன்று வரிசைச் செங்கல், மேலே ஒரு கல், 14 அங்குலச் சதுரம், முடித்த உயரம் ஒன்பது பத்து அங்குலம். இருபது லிட்டர் வாளி அதன் மேல் உட்கார்ந்தால் வாய் விளிம்பு திண்ணையைவிட நாலைந்து அங்குலம் மேலே வரும். உட்கார்ந்தவர் முழங்கை மடித்தபடி மொண்டுகொள்ளலாம், அடித்தண்ணீர் வரை கை எட்டும். நேர் முன்னால் வைத்தால் கால் நீட்ட இடம் போய்விடும். சோற்றுக்கைப் பக்கம் கொஞ்சம் முன்னால் தள்ளி வையுங்கள்.

குழாய் அந்த மேடைக்கு நேர் மேலே, வாளி விளிம்புக்கு மூன்று நான்கு அங்குலம் மேல் வர வேண்டும். அதாவது தரையிலிருந்து 27, 28 அங்குலம். பிளம்பர் வழக்கப்படி இரண்டடியில் வைத்துவிட்டுப் போனால் வாளி அடியில் நுழையாது. நிறைந்த இருபது லிட்டர் வாளி இருபது கிலோவுக்கு மேல். அதை மேடைக்குத் தூக்கி வைக்கும் வேலையே இருக்கக் கூடாது.

மூலையில முக்கோணமா ஒரு கல்லு பதிச்சா அழகா இருக்கும்னு டைல்ஸ் கடையில சொன்னாங்க.

அழகாக இருக்கும். காலைத் தூக்கி வைத்துத் தேய்க்க, ஷாம்பூ வைக்க, பேரனை உட்காரவைக்க நல்லது. வயதானவர் அதில் உட்கார்ந்தால் தொடை இரண்டு பக்கமும் தொங்கும், பின்னால் சாய மூலைதான் கிடைக்கும். பெரியவருக்காக என்றால் செவ்வகமாகத்தான் கட்ட வேண்டும்.

மூலையைப் பயன்படுத்தலாம், தப்பில்லை. முதுகுக்கு ஒரு சுவர், பக்கத்துக்கு ஒரு சுவர். பக்கத்துச் சுவரில் கைப்பிடி. ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள். கார்த்திகை மார்கழியில் ஈர முதுகில் வாடைக்காற்று அடித்தால் மறுநாள் அவர் குளிக்கவே வரமாட்டார்.

கான்கிரீட் பலகை போட்டுச் சுவரில் சொருகிடலாம்னு இருக்கோம். நிக்குமா?

முதல் சில வருடம் நிற்கும். உள்நாட்டில் இருபது வருடமும் நிற்கும். இங்கே பிரச்சினை கம்பி. கலவைக்கு உவர்த் தண்ணீர், சில இடங்களில் கடல் மணல் கலந்த மணல், மேலே தினமும் அதே உவர்த் தண்ணீரில் குளியல். உப்பில் உள்ள குளோரைடு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்ததும் துரு பருத்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். வீட்டு சன்ஷேடு அடியில் பூச்சு பெயர்ந்து கம்பி தெரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி. இரண்டரை அங்குலத் திண்ணைப் பலகையில் கம்பிக்கு மேல் மூடல் ரொம்பக் குறைவு என்பதால் சீக்கிரமே வரும்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 456 இதை எண்ணாகவே சொல்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். கம்பி இல்லாத கான்கிரீட் என்றால் 2000 வரை பரவாயில்லை. இந்த வித்தியாசத்திலேயே பதில் இருக்கிறது: கம்பியே வேண்டாத மாதிரி கட்டுங்கள். செங்கல் கால் இரண்டு, நடுவில் ஒன்று, மேலே முழுக் கல். கலவைக்குக் குடிநீர் லாரித் தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஒரு திண்ணைக்கு எத்தனை குடம் ஆகிவிடப் போகிறது!

மேல என்ன கல்லு போடலாம்? கடப்பா இருக்கு, கிரானைட் இருக்கு, ஆத்தங்குடி டைல் கூடக் கேட்டாங்க.

கிரானைட். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, ஆசிட் பட்டால் அரிக்கும். பாத்ரூமில் என்றைக்காவது யாராவது ஆசிட் ஊற்றத்தான் செய்வார்கள். ஆத்தங்குடி கூடத்துக்கும் முற்றத்துத் தாழ்வாரத்துக்கும் அருமையானது. ஆனால் அது சிமென்ட் டைல், எண்ணெயையும் சோப்பையும் உறிஞ்சிக் கறை பிடிக்கும். மேற்பரப்பு வழவழப்பு வேறு. தேக்குப் பலகை இருக்கை படத்தில் நன்றாக இருக்கிறது, அதைப் பிடித்திருக்கும் திருகுகள்தான் இங்கே நிற்காது.

செலவில்லாத வழி ஒன்று: அடுப்படி மேடைக்கு கிரானைட் போடும்போது சிங்க் பதிக்க ஒரு துண்டு வெட்டி எடுப்பார்கள். ஒற்றைத் தொட்டி சிங்க் என்றால் அது கிட்டத்தட்ட 22-க்கு 16 அங்குலம் வரும். நம் திண்ணை அளவு அதுதான். உடைக்காமல் முழுசாக எடுத்துத் தரும்படி வெட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாலிஷ் போட்ட முகம் ஈரத்தில் வழுக்கும், அதனால் அறுத்த சொரசொர முகம் மேலே வரும்படி திருப்பிப் போடலாம். பின்னால் வலை ஒட்டிய கல் என்றால் அது முடியாது. அப்போது பாலிஷ் முகத்தையே அம்மி கொத்துகிற மாதிரி இலேசாகக் கொத்தித் தரச் சொல்லுங்கள். ஆழமாகக் கொத்தினால் தோலைக் கிழிக்கும். முன் ஓரத்தை உருட்டிவிட வேண்டும், கூர் முனை கூடாது. கல்லுக்கும் தரைப் பக்கம் இலேசான வாட்டம் கொடுங்கள், ஓர் அடிக்குக் கால் அங்குலம். அதற்கு மேல் போனால் உட்காருபவர் முன்னால் வழிவார்.

தரைக்கு எந்த டைல்? எல்லாரும் ஆன்டி-ஸ்கிட்னுதான் விக்கிறாங்க.

அட்டைப்பெட்டியில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று போட்டிருக்கும். எண் கூடக்கூடப் பிடிப்பு கூடும். குளிக்கிற பகுதிக்கு ஆர் 11 கேளுங்கள். அதில்லாமல் வெறும் ஆன்டி-ஸ்கிட் என்று மட்டும் எழுதியிருந்தால் கடையிலேயே ஒரு டைலில் சோப்புத் தண்ணீர் தெளித்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்.

இரண்டடி டைல் குளிக்கும் பகுதிக்கு வேண்டாம். வடிகாலை நோக்கி நாலு பக்கமும் வாட்டம் கொடுக்கும்போது பெரிய டைல் மடங்காது, தண்ணீர் தேங்கும். ஓர் அடிக்கும் குறைந்த சின்ன டைல் போட்டால் வாட்டத்தோடு போகும், இடுக்குகள் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிப்பும் கூடும். இடுக்குகளுக்கு எபாக்ஸி என்ற பிசின் கலவை பூசுங்கள். சாதாரண வெள்ளை சிமென்ட் உவர்த் தண்ணீரில் உப்பு பூத்து உதிர்ந்துவிடும். வாட்டம் அடிக்குக் கால் அங்குலம் என்ற அதே கணக்குதான்.

சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா என்ன டைல் போட்டாலும் வழுக்குதே?

வழுக்கும். எண்ணெய்க்கு முன்னால் ஆர் 11-ஐ மட்டும் நம்ப முடியாது. எண்ணெய் தேய்ப்பது வெளியே, ஊறுவது வெளியே என்று இருந்தது காரணமாகத்தான். குளிக்கிற இடத்துக்கு வந்ததும் முதலில் உட்கார வேண்டும். அதற்காகவாவது திண்ணை வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்து, பாதத்தை உட்கார்ந்தபடியே கழுவி முடித்தபிறகுதான் எழ வேண்டும். குளித்து முடித்ததும் தரையில் ஒரு வாளி வெந்நீர் ஊற்றித் தேய்த்து விடுங்கள், இல்லையென்றால் அடுத்துப் போகிறவர் விழுவார்.

கைப்பிடி எஸ்எஸ்னு சொல்லித்தான் வாங்கினோம். அதுக்குள்ள பழுப்பா புள்ளி புள்ளியா வந்திருச்சு.

எஸ்எஸ் என்பது துருப்பிடிக்காத எஃகு. கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதில் 304 வகை. நல்ல எஃகுதான், ஆனால் கடல் உப்பு படிந்தால் பழுப்புப் புள்ளி வரும். இங்கே கேட்க வேண்டியது 316. அதில் மாலிப்டினம் என்ற உலோகம் 2 முதல் 3 சதவீதம் சேர்ந்திருக்கும், குளோரைடைத் தாங்குவது அதுதான். விலை கூடத்தான் செய்யும். கைப்பிடி 316 வாங்கிவிட்டு சாதாரணத் திருகு போட்டால் துரு திருகிலிருந்து ஆரம்பிக்கும். திருகையும் அதே வகையில் கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்த்து 304-ஐயும் 316-ஐயும் பிரிக்க முடியாது, பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி.

உயரம் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நினைக்காதீர்கள், ஓர் ஆள் எடையில் அது சுவரோடு வந்துவிடும்.

எங்க வீடு கீழக்கரையில பழைய வீடு, பவளக்கல் சுவரு, சுண்ணாம்புப் பூச்சு. ஆணியே நிக்காது. கைப்பிடி எப்படி?

அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவில் வெட்டி எடுத்த கல். இப்போது வெட்டினால் ஜெயில். 1986-லிருந்து அங்குள்ள தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்கா. வீட்டுக்குக் குளிர்ச்சி கொடுக்கும் கல்தான், ஆனால் உள்ளே துளை துளையாக இருக்கும். விரிந்து பிடிக்கிற ஆங்கர் போல்ட் அதில் நொறுக்கிக்கொண்டு சுற்றும்.

சுவரை நம்பாத வழிதான் சரி. தரையிலிருந்து எழும்பும் கைப்பிடிக் கம்பியைத் திண்ணைக்குப் பக்கத்தில் ஊன்றலாம். சுவருக்கு அந்தப் பக்கமும் உங்கள் இடம்தான் என்றால், குறுக்கே துளை போட்டுப் பின்னால் தகடு வைத்து முடுக்கலாம். திண்ணையையும் அந்தச் சுவரில் சொருகாமல் தன் காலிலேயே நிற்கும்படி, முன்பு சொன்ன செங்கல் கால் முறையில் கட்டுங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் நேராக சிமென்ட் பூசி டைல் ஒட்டினால் ஓதம் உள்ளேயே அடைபட்டுப் பக்கத்து அறையில் பொரியும். அந்தப் பக்கம் தனியாக நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பி அதில் டைல் ஒட்டுவது நல்லது.

கண்ணாடித் தடுப்பு போடலாமா?

போடலாம், 8 அல்லது 10 மில்லிமீட்டர் டஃபன்ட் கண்ணாடியாக, அதாவது சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடியாக. தினமும் துடைக்க ஆள் இருந்தால் மட்டும். உவர்த் தண்ணீர் காய்ந்த கண்ணாடி ஒரு மாதத்தில் வெள்ளைத் திட்டாகிவிடும். நான் நாலடிக் குட்டைச்சுவர்தான் சொல்வேன். எழும்போது கை வைக்கவும் ஆகும்.

மழை ஷவர் வாங்கி வச்சோம், தண்ணி நூல் மாதிரி வருது.

தொட்டி எவ்வளவு மேலே இருக்கிறது என்பதுதான் அழுத்தம். அழுத்தத்தை பார் என்ற அளவில் சொல்வார்கள்; 33 அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார். ஒரு மாடியும் இல்லாத வீட்டில் தொட்டி மொட்டை மாடியில் பத்தடியில், ஷவர் ஏழடியில் என்றால் கிடைப்பது மூன்றடி, அதாவது 0.1 பார்கூட இல்லை. பெரிய வட்ட ஷவருக்கு அது காணாது. உட்கார்ந்து குளிப்பவருக்கு இதில் ஒரு லாபம்: நாலடியில் மாட்டிய ஹேண்ட் ஷவருக்கு ஆறடி கிடைக்கும், இரண்டு மடங்கு. பம்பு வைக்கும் முன் அதை மாட்டிப் பாருங்கள். ரப்பர் முனை உள்ளதாக வாங்கினால் உப்பு அடைத்தாலும் விரலால் தேய்த்து விடலாம்.

உம்மா அதுலயே உக்காந்து ஒளு செய்யணும்ங்கிறாங்க. முடியுமா?

தாராளமாக. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவதுதானே ஒளு. வாளி மேடைக் குழாயே போதும், கொஞ்சம் நீண்ட மூக்குள்ளதாக வாங்குங்கள். கால் கழுவக் குனியாமல் இருக்க, தரையிலிருந்து ஓர் அடியில் இரண்டாவதாக ஒரு குழாய் வைக்கலாம். டாய்லெட் பக்கத்தை மறைக்கும் குட்டைச்சுவர் இருந்தால் அவர்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

ராமேஸ்வரத்துல யாத்ரீகர்களுக்கு ரூம் விடுறோம். அங்க எப்படி?

அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு வருகிறார்கள். வடிகாலை அடைப்பது மணல். கழற்றிக் கொட்டுகிற கூடையுள்ள வடிகால் வையுங்கள். திண்ணை கல்லில்தான், மடக்கு இருக்கை வேண்டாம்; யார் எப்படி உட்காருவார்கள் என்று சொல்ல முடியாது.

பாத்ரூம் கட்டி முடிச்சாச்சு. டைலை உடைக்காம திண்ணை கட்ட முடியுமா?

டைல் மேலேயே செங்கல் வைத்துக் கட்டித் தருவதாகச் சொல்வார்கள். அதன் அடியில் தண்ணீர் புகுந்து வெளியே வர வழியில்லாமல் நாறும். திண்ணை வரும் இடத்தில் மட்டும் டைலை எடுத்து, நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு இரண்டு கை பூசி, கட்டியபின் திண்ணை மேலும் அதே பூச்சை ஏற்றி, 48 மணி நேரம் தரையில் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் டைல் ஒட்ட வேண்டும்.

உடைக்கவே கூடாதென்றால் சுவரில் மாட்டும் மடக்கு இருக்கை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருக்க வேண்டும், எஃகு 316 ஆக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியோடு உள்ளே வருபவருக்கும் மடக்கு இருக்கைதான் சரி, கட்டிய திண்ணை வழியை அடைக்கும். அவருக்கு வாசல் 32 அங்குலம் தெளிவாகத் திறக்க வேண்டும், திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும்.

உப்புக்கறைக்கு ஆசிட் ஊத்தலாமா?

வேண்டாம். எபாக்ஸி தாங்கும், எஃகுக் கைப்பிடி தாங்காது, 316-கூட. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தால் குளோரின் வாயு வரும், சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. வெந்நீரில் வினிகர் கலந்து, கல்லில் தேங்காமல் தேய்த்துக் கழுவுங்கள்.

வாஸ்துப்படி எந்தத் திசையைப் பார்த்து உக்காரணும்?

வாஸ்து பார்க்கிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வடிகால் எந்தப் பக்கம் என்று மட்டும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் சரி, அப்படியும் உள்ள விழுந்துட்டா? கதவை எப்படித் திறக்கிறது?

உள்பக்கம் திறக்கும் கதவு என்றால் விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், தள்ளவும் முடியாது. பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். நடை குறுகல் என்றால் சறுக்குக் கதவு. தாழ்ப்பாளுக்குப் பதில், வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கும் பூட்டு கிடைக்கிறது, அதைப் போடுங்கள். வயர் இல்லாத காலிங் பெல்லில் தண்ணீர் படலாம் என்று போட்டிருப்பதை வாங்கி, பட்டனைத் திண்ணைக்குப் பக்கத்தில் ஒட்டலாம். ஒட்டும்போது கை வசதிக்காக மார்பு உயரத்தில் ஒட்டிவிடுகிறார்கள். தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போகக் கூடாது.